மின்னஞ்சலில் ° ½ €: எந்தக் குறியை எந்த வழியில் இடுவது?

அப்புத்தளையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர், ஜெர்மனியிலிருந்து வரப்போகும் விருந்தினருக்கு இரவில் எத்தனை பாகை குளிரும் என்று எழுத வேண்டும். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் கிளார்க், உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பநிலையைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஹட்டனில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை, வினாக்களை மின்னஞ்சலிலேயே தட்டச்சு செய்து சக ஆசிரியர்களுக்கு அனுப்ப நினைக்கிறார். மூவருக்கும் விசைப்பலகையில் அச்சடிக்கப்படாத ஏதோ ஒரு குறி வேண்டும். மூவரும் ஒரே வழியைப் பின்பற்றினால் இரண்டு பேருக்காவது அது பொருந்தாத வழியாகத்தான் இருக்கும்.

இந்த விடயத்தில் ஆலோசனை கேட்டால் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான குறிகளும் அவற்றுக்கான எண்களும் அடங்கிய நீண்ட அட்டவணை ஒன்றைத்தான் நீட்டுவார்கள். அதைச் சுவரில் ஒட்டிவைத்து யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. ஒருவருடைய வேலைக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படுபவை ஏழெட்டுக் குறிகள்தான். ஆகவே எந்த வழியில் அதிகக் குறிகள் கிடைக்கும் என்று பார்ப்பதில் பொருளில்லை. உட்கார்ந்திருப்பது சொந்த இயந்திரமா, அலுவலகத்துடையதா, கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

குறியே வேண்டாத இடங்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறியால் நேரடியாக நட்டம் வரக்கூடிய இடம் அது. இலங்கை ரூபாய்க்கென்று தனிக் குறி கிடையாது. ₹ என்பது இந்திய ரூபாயின் குறி. இந்திய அரசு அதை 2010இல் ஏற்றுக்கொண்டது. கைப்பேசிகளில் கிடைக்கும் தமிழ் விசைப்பலகைகள் பலவும் இந்தியப் பயனாளரை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை என்பதால் அந்தக் குறி விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். பண்டாரவளையில் உள்ள அறைக்கு வாடகை எழுதும்போது அழகாக இருக்கிறதே என்று அதைப் போட்டால், சென்னையிலிருந்து வருகிறவர் தம் நாட்டுப் பணமென்று கணக்குப் போடுவார். இந்திய ரூபாயின் மதிப்பு நம்முடையதைப்போல் மும்மடங்குக்கும் மேல். வாடகையைக் கேட்டு அவர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். ஏன் போனார் என்று உங்களுக்குத் தெரியவும் வராது. இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒன்றாக இணைத்தாற்போன்ற ₨ குறியும் உதவாது. பாகிஸ்தான், நேபாளம், மொரிசியஸ் என்று ரூபாய் புழங்கும் மற்ற நாடுகளுக்கும் அது பொது. தமிழில் எழுதினால் 'ரூ.' போதும். ஆங்கிலத்தில் வெளிநாட்டவருக்கு எழுதினால், வங்கிகள் பயன்படுத்தும் எல்.கே.ஆர். என்ற மூன்றெழுத்துக் குறியீட்டை எண்ணுக்கு முன்னால் போடுங்கள். டொலருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: $ குறி அமெரிக்காவுக்கு மட்டுமல்ல, அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் உரியது. எல்லவுக்கு வரும் பயணிகளில் இந்த எல்லா நாட்டவரும் இருக்கிறார்கள்.

தமிழுக்கே உரிய பழைய குறிகளும் உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின், 2003ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் பதிப்பில் இவை இடம்பெற்றன. பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெறுபவரின் கருவியில் உள்ள எழுத்துருவில் இவை இல்லையென்றால் அங்கே வெறும் கட்டந்தான் தெரியும். தெரிந்தாலும் இன்று படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. திருமண அழைப்பிதழுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், முன்பதிவு மின்னஞ்சலுக்கு வேண்டாம்.

தலைப்பு வரியில் நட்சத்திரமும் அம்புக்குறியும் போடும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளம்பர அஞ்சல்கள் அப்படித்தான் வருகின்றன. உங்கள் அஞ்சலும் அவற்றில் ஒன்றாகத் தெரியும்.

ஆட்பெயர்களில் நிலைமை நேர்மாறு. கடவுச்சீட்டில் இரண்டு புள்ளி வைத்த எழுத்தோடு பெயர் கொண்ட ஒருவருக்கு எழுதும்போது அந்தப் புள்ளிகள் அலங்காரம் அல்ல, பெயரின் பகுதி. நம் பெயரில் ழகரத்தை ளகரமாக்கினால் நமக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும். இதற்கு எந்தக் குறியீட்டு எண்ணும் தேவையில்லை: அவர் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலிலேயே பெயர் சரியாக இருக்கும். அங்கிருந்தே பிரதியெடுத்து ஒட்டிவிடுங்கள். ஜெர்மன் பெயரானால் இன்னொரு வசதியும் உண்டு. புள்ளிகளை இட வழியில்லாதபோது அந்த எழுத்தைப் புள்ளியின்றி எழுதி, பின்னால் ஆங்கில 'ஈ' ஒன்றைச் சேர்ப்பதை ஜெர்மானியர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். பிரெஞ்சுப் பெயர்களுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

எண் பகுதி உள்ள மேசைக் கணினி

தோட்ட அலுவலகங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் இருப்பவை பெரும்பாலும் முழு விசைப்பலகை கொண்ட மேசைக் கணினிகள். வலப்பக்கம் எண்கள் தனியாக இருக்கும். விண்டோஸ் கணினியானால் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த எண் பகுதியில் 0176 என்று அடித்து, ஆல்ட்டை விட்டால் ° வந்துவிடும். 0189 அடித்தால் ½, 0188 அடித்தால் ¼, 0190 அடித்தால் ¾. பவுணுக்கு 0163, யூரோவுக்கு 0128, அறையின் நீள அகலத்துக்கு நடுவே இடும் × குறிக்கு 0215, சதுர மீற்றருக்கான சின்ன இரண்டுக்கு 0178.

இந்த வழியின் பலம் இணைய இணைப்பு எதுவும் தேவையில்லை என்பது. எந்த மென்பொருளிலும் வேலை செய்யும், இரண்டு நொடிக்கு மேல் ஆகாது. ஒரே குறியை நாளுக்கு இருபது தடவை இடுகிற கிளார்க்குக்கு இதைவிட வேகமான வழி வேறில்லை.

பலவீனங்கள் மூன்று. முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டால் வேறொன்று வரும். 0176 என்பது பாகை. வெறும் 176 என்றால் புள்ளிப்புள்ளியாக நிறைந்த ஒரு கட்டம், ░ இப்படி. பூச்சியத்தோடு அடித்தால் விண்டோஸின் அட்டவணையும், பூச்சியம் இல்லாமல் அடித்தால் விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளக் காலத்துப் பழைய அட்டவணையும் எடுத்துக்கொள்ளப்படுவதே காரணம். அந்தப் பழைய அட்டவணையில் பாகைக் குறி 248இல் இருக்கிறது. ஆகவே ஆல்ட் 248 அடித்தாலும் ° கிடைக்கும், ஓர் இலக்கம் மிச்சம். இரண்டாவது, எண் பகுதியை இயக்கும் 'நம் லொக்' என்ற விசையின் விளக்கு எரிய வேண்டும். அது அணைந்திருக்கும்போது அதே விசைகள் அம்புக்குறிகளாக மாறிவிடும். உலாவியில் ஆல்ட்டோடு இடப்பக்க அம்பு என்றால் முந்தைய பக்கத்துக்குத் திரும்பு என்று பொருள். எழுதிக்கொண்டிருந்த மின்னஞ்சல் கண்ணெதிரே மறைந்துவிடக்கூடும். பதறத் தேவையில்லை, ஜிமெயில் வரைவைத் தானாகவே சேமித்து வைத்திருக்கும். மூன்றாவது பலவீனந்தான் தீர்க்க முடியாதது: சிறிய மடிக்கணினிகளில் எண் பகுதியே இல்லை. மேல் வரிசை எண்களை அடித்தால் எதுவும் நடக்காது.

தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது ஆங்கில அமைப்புக்கு மாறிக்கொண்டு எண்களை அடிப்பது நல்லது. எண்களில் மூன்று நான்குக்கு மேல் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள்; மிச்சத்தைத் திரையின் அடியில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மடிக்கணினி

எண் பகுதி இல்லாதவர்களுக்கு விண்டோஸ் விசையும் முற்றுப்புள்ளியும் சேர்ந்த கூட்டு. அழுத்தியதும் ஒரு சிறிய பலகை எழுதும் இடத்தருகே திறக்கும். முதலில் இமோஜிகள்தான் தெரியும். பார்த்தவுடனே இது நமக்கல்ல என்று மூடிவிடுகிறவர்கள் பலர். பக்கத்துப் பகுதிகளைத் திறந்து பாருங்கள். அங்கே நாணயக் குறிகள், கணிதக் குறிகள், பின்னங்கள், மேலே கோடும் புள்ளியும் இட்ட ஐரோப்பிய எழுத்துகள் எல்லாம் வகைவகையாக இருக்கின்றன. அண்மையில் இட்டவை முன்னால் வந்து நிற்பதால், ஒரு வாரம் பயன்படுத்தினால் உங்களுக்கான ஏழெட்டுக் குறிகள் தாமாகவே முதல் வரிசைக்கு வந்துவிடும். மனப்பாடம் எதுவும் தேவையில்லை. மடிக்கணினி வைத்திருப்பவருக்கு என் தெரிவு இதுதான்.

விண்டோஸ் 10இல் இந்தக் குறிகள் பகுதி 2019ஆம் ஆண்டுப் புதுப்பிப்போடுதான் வந்தது. இன்னும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரமானால் இந்தப் பலகை இல்லை. அதற்கு அந்தக் காலத்திலிருந்தே கேரக்டர் மேப் என்ற சிறு மென்பொருள் உள்ளே இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் தேடித் திறந்து, குறியைக் கண்டுபிடித்து, தெரிவுசெய்து, பிரதியெடுத்து, மின்னஞ்சலுக்குத் திரும்பி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடுபட யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் குறியைத் தெரிவுசெய்ததும் அதற்குரிய ஆல்ட் எண் பலவற்றுக்குப் பெட்டியின் கீழ் மூலையில் காட்டப்படும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு தடவை திறப்பதுதான் இதன் சரியான பயன்.

ஆப்பிள் மடிக்கணினியில் வேலை இன்னும் இலகு. ஆப்ஷன், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 8 அடித்தால் °. ஐரோப்பிய எழுத்துகளுக்கு அந்த எழுத்தின் விசையை விடாமல் அழுத்தினால் கோடிட்டவையும் புள்ளியிட்டவையும் மேலே வரிசையாகத் தோன்றும்.

தினமும் பிரெஞ்சு, ஜெர்மன் விருந்தினர்களோடு எழுத்துத் தொடர்பு வைத்திருக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வழியைச் சொல்வேன். விண்டோஸ் மொழி அமைப்புகளில் யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், மேற்கோள் விசையை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டும்போது கோடிட்ட எழுத்து வந்துவிடும். பழகியவருக்கு அற்புதம். பழகாதவருக்கு ஒவ்வொரு மேற்கோள் குறியும் ஒரு தலைவலி, ஏனெனில் அடுத்த எழுத்தை அடிக்கும்வரை அது திரையில் வரவே வராது. எப்போதாவது ஒரு பிரெஞ்சுப் பெயர் எழுதுகிறவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

உதவ வந்து வீட்டிலக்கத்தை மாற்றும் அவுட்லுக்

அலுவலகங்களில் கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை அவுட்லுக் இருந்தால் அதில் குறிகளை இடுவதற்கென்றே பட்டியல் உண்டு. அதன் எழுதும் பகுதி வேர்ட் மென்பொருளின் அதே இயந்திரம் என்பதால் வேர்டில் நடப்பதெல்லாம் இங்கேயும் நடக்கும். 2713 என்று அடித்து உடனே ஆல்ட்டோடு எக்ஸ் விசையை அழுத்தினால் அந்த எண் ✓ ஆக மாறும். 2248 அடித்துச் செய்தால் ≈. யூனிகோட் எண் தெரிந்தவருக்கு எந்தக் குறியும் எட்டாததல்ல. உலாவியில் திறக்கும் ஜிமெயிலில் இந்த வசதி இல்லை. அங்கே எழுதும் பெட்டியில் இமோஜி பொத்தான் மட்டுமே உண்டு.

அவுட்லுக் கேட்காமலேயே செய்கிற உதவிதான் தொல்லை. ஒன்று, சாய்கோடு, இரண்டு என்று அடித்து இடைவெளி விட்டால் ½ ஆக்கிவிடும். மூன்று, சாய்கோடு, நான்கு என்றால் ¾. நில அளவு எழுதும்போது இது வரம். கால் ஏக்கர் என்பது 40 பேர்ச்சஸ். ¼ என்று வந்தால் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நம் முகவரிகளைப் பாருங்கள். வீட்டிலக்கத்தில் சாய்கோடு இல்லாத தெரு மலையக நகரங்களில் அபூர்வம். 'இல. 3/4, பிரதான வீதி' என்று அடித்தால் அது முக்கால் இலக்கமாகிவிடும், அந்த முகவரிக்குப் பொதி அனுப்புகிறவர் திகைப்பார். மாறிய உடனே கண்ட்ரோலோடு இசட் அழுத்தினால் பழையபடி திரும்பும். தினமும் முகவரி அடிக்கிற அலுவலகமானால், தானாகத் திருத்தும் அமைப்புகளுக்குள் போய்ப் பின்னத்துக்கான அந்த ஒரு வரியை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அரைக்கு ஆல்ட் 0189 இருக்கவே இருக்கிறது.

கடையில் உள்ள கணினி

நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து வேலை விண்ணப்பமோ பல்கலைக்கழக விண்ணப்பமோ அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தில் எதையும் நிறுவ முடியாது, அமைப்புகளை மாற்றக் கூடாது, எந்த விண்டோஸ் என்றும் தெரியாது, விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்திருக்கும். பலரும் அங்கே செய்வது கூகுளில் குறியின் பெயரைத் தேடிப் பிரதியெடுத்து ஒட்டுவது.

அதில் இரண்டு இடைஞ்சல்கள். வேறு பக்கத்திலிருந்து ஒட்டும்போது அங்கிருந்த எழுத்தளவும் நிறமும் பின்னணியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்; கடிதத்தின் நடுவே ஒரு குறி மட்டும் பெரிதாகச் சாம்பல் பின்னணியில் நிற்கும். உலாவியில் கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வடிவம் இல்லாமல் குறி மட்டும் வரும். மற்ற இடைஞ்சல் கண்ணுக்குப் பிடிபடாதது: போலிகள். பாகைக் குறி ° ஒன்று. ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளில் 'முதலாவது' போன்ற வரிசை எண்களுக்குப் பின்னால் வரும் º இன்னொன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் கணினிக்கு இவை வேறு வேறு எழுத்துகள். பிறகொரு நாள் பழைய அஞ்சல்களில் ° என்று தேடினால் º போட்டவை அகப்படாமல் போகலாம்.

இதைவிட எளிய ஏற்பாடு இருக்கிறது. உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கில், யாருக்கும் அனுப்பாத வரைவு ஒன்றை எழுதி வையுங்கள். தலைப்பு 'குறிகள்'. உள்ளே உங்களுக்கு வேண்டியவை மட்டும்: ° ½ ¼ £ € × ² – ✓. கொட்டகலையில் திறந்தாலும் கண்டியில் திறந்தாலும் கைப்பேசியில் திறந்தாலும் அந்த வரைவு கூடவே வரும். அங்கிருந்து பிரதியெடுத்தால் வடிவத் தொல்லையும் இல்லை, போலிகளும் இல்லை. வாடகைக் கணினிக்கு இதை மிஞ்சும் வழி எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம். அது குறிகளை விட முக்கியம்.

கைப்பேசி

உள்ளபடி சொன்னால் மலையகத்தில் பெரும்பாலான மின்னஞ்சல்கள் இன்று கைப்பேசியிலிருந்துதான் போகின்றன. மேலே சொன்ன கணினி வழிகளை எல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும், கைப்பேசி வழியை மட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வழி நீண்ட அழுத்தம். ஆண்ட்ராய்டில் பலர் பயன்படுத்தும் ஜிபோர்ட் விசைப்பலகையில் எண்கள் உள்ள பக்கத்துக்குப் போய் 1ஐ விடாமல் அழுத்தினால் ½, ⅓, ¼ எல்லாம் எழும். நாணயக் குறியை அழுத்திப் பிடித்தால் மற்ற நாணயங்கள் வரும். பாகைக் குறி, குறிகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஐபோனில் பூச்சியத்தை அழுத்திப் பிடித்தால் போதும், ° மேலே தோன்றும். சிறிய கோட்டை அழுத்திப் பிடித்தால் நீளமான கோடுகள். ஐரோப்பிய எழுத்துகளும் இப்படித்தான்: ஆங்கில விசைப்பலகைக்கு மாறி, அந்தந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் குடும்பமே வெளியே வரும். இணைப்பு தேவையில்லை, சிக்னல் வராத பள்ளத்தாக்கில் உட்கார்ந்து எழுதிவைத்து, மேட்டுக்கு ஏறியதும் அனுப்பலாம்.

இரண்டாவது வழியை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள், எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது. கைப்பேசி அமைப்புகளில் தனிப்பட்ட அகராதி என்று ஒன்று இருக்கும். ஐபோனில் உரை மாற்றீடு என்ற பெயரில். அதில் ஒரு சொல்லையும் அதற்கான குறுக்கத்தையும் சேர்க்கலாம். 'பாகை' என்று தமிழில் அடித்தால் ° வரும்படியும், 'அரை' என்றால் ½ வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். ஐபோன் இடைவெளி விட்டதும் தானாக மாற்றிவிடும். ஆண்ட்ராய்டில் மேலே வரும் பரிந்துரையைத் தொட வேண்டும். ஐபோன்காரர்கள் 'அரை' போன்ற அன்றாடச் சொல்லைக் குறுக்கமாக வைக்கக் கூடாது. 'அரை மணி நேரத்தில் வருகிறேன்' என்று எழுதும்போதும் அது பின்னமாகிவிடும். வேறெங்கும் வராத ஓர் எழுத்துக் கூட்டு, 'அஅ' என்பதுபோல், பாதுகாப்பானது.

ஒரு குறியோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. அறை வாடகை, காலையுணவு நேரம், இரவு வெப்பநிலை எல்லாம் அடங்கிய முழு வரியையே ஒரு குறுக்கத்தில் அடைத்துவிடலாம். குறிகள் ஒருமுறை சரியாக இடப்பட்டுவிட்டால் பிறகு எப்போதும் சரியாகவே வரும். ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு மடிக்கணினியே இருந்தாலும் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

மின்னஞ்சலோடு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பும் பழக்கம் இருந்தால் ஒரு சிறு விடயம். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். அதில் ஒரே ஒரு ° சேர்ந்தாலும் அளவு 70 எழுத்துகளாகக் குறைந்துவிடும், ஏனெனில் குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்து வரிசையில் பாகைக்கு இடமில்லை. பவுணுக்கு இடமுண்டு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு எப்படியும் 70தான்.

கணித ஆசிரியருக்குத் தனியாக

பாகை, பின்னம் எல்லாம் தவறாகப் போனால் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். அடுக்குகள் தவறாகப் போனால் விடையே மாறும். பத்தின் மூன்றாம் அடுக்கை எழுத, 10 என்று அடித்து, பக்கத்தில் 3 அடித்து, அந்த 3ஐத் தெரிவுசெய்து வடிவமைப்புப் பொத்தானால் மேலே தூக்குகிறவர்கள் பலர். திரையில் சரியாகத் தெரிகிறது. ஆனால் அந்த 3 இன்னும் சாதாரண 3தான், உயரம் என்பது மேலே பூசிய வடிவம் மட்டும். பெறுபவர் வடிவமற்ற வெற்று உரையாகப் படித்தாலோ, பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலோ அது 103 ஆகிவிடும். ஆயிரம், நூற்று மூன்றாகிவிட்டது. ³ என்ற தனிக் குறி அப்படிச் சரியாது, ஏனெனில் அது பிறப்பிலேயே மேலே உள்ள எழுத்து. ஆல்ட் 0179 அடித்தால் கிடைக்கும்; ஆண்ட்ராய்டின் ஜிபோர்டில் 3ஐ அழுத்திப் பிடித்தாலும் கிடைக்கும்.

√, ∠, ≤ வரைக்கும் இப்படிச் சமாளிக்கலாம். பின்னத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொரு பின்னம் என்று போகிற வினாத்தாளை மின்னஞ்சலின் உடலில் எழுத முனைவது நேர விரயம். வேர்டில் அமைத்து பி.டி.எஃப். கோப்பாக இணைத்துவிடுங்கள்.

போய்ச் சேரும் இடத்தில்

எந்த வழியில் இட்டாலும் போய்ச் சேரும் பொருள் ஒன்றேதான். ஆல்ட் எண்ணில் வந்த ° வேறு, கைப்பேசியில் வந்த ° வேறு என்றில்லை. ஆகவே வழியைத் தெரிவுசெய்யும்போது பெறுபவரை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை. குறியைத் தெரிவுசெய்யும்போது மட்டும் அவரைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அதற்குத் தெரிந்தது 1963இல் முதன்முதலாக வெளிவந்த ஆஸ்கி எழுத்து வரிசை மட்டுமே. மொத்தம் 128 இடங்கள், அவற்றில் அச்சிடக்கூடிய எழுத்துகள், இடைவெளியையும் சேர்த்து, 95. பவுண் குறிக்குக்கூட அதில் இடமில்லை, தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1992இல் இரண்டு மாற்றங்கள் வந்தன: மற்ற எழுத்துகளையும் இணைப்புகளையும் மின்னஞ்சலில் ஏற்றிச் செல்லும் மைம் என்ற முறை, உலக எழுத்துகள் அனைத்தையும் பைட்டுகளாக அடுக்கும் யூ.டி.எஃப். 8 என்ற முறை. இரண்டாவதை வகுத்தவர்கள் கென் தொம்சனும் ரொப் பைக்கும். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், பாகைக் குறிக்கு இரண்டு, யூரோவுக்கும் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று, பெரும்பாலான இமோஜிகளுக்கு நான்கு.

பெறுகிற மென்பொருள் பழையதாக இருந்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால் பாகைக்கு முன்னால் தொப்பி வைத்த ஓர் ஆங்கில எழுத்து தேவையில்லாமல் முளைக்கும். மின்னஞ்சல் பெட்டிகளில் இது இன்று அநேகமாக ஒழிந்துவிட்டது. ஆனால் காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது அடிக்கடி நடக்கிறது. தொழிற்சாலைப் பதிவுகளை அப்படி ஏற்றுமதி செய்து அனுப்புகிற அலுவலகமானால், அந்தக் கோப்புக்குள் குறியே போடாதீர்கள். நிரலின் தலைப்பில் 'வெப்பநிலை, செல்சியஸ்' என்று ஒருமுறை எழுதிவிட்டு உள்ளே எண்களை மட்டும் நிரப்புங்கள். எங்கே எழுதினாலும் செல்சியஸா பாரன்ஹீட்டா என்று சொல்லாமல் வெறும் 200° என்று விடுவது, குறியே இல்லாமல் விடுவதைவிட மோசம். இணைப்புக் கோப்பின் பெயரிலும் குறிகள் வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது, அது குறிகளோடு நிற்பதில்லை. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இன்னும் புழங்குகின்றன. பாமினியில் தமிழ் என்பது திரையில் தெரியும் தோற்றம் மட்டும். அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுந்தான். அந்த ஆவணத்திலிருந்து பிரதியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் போய்ச் சேரும். அதன் நடுவே நீங்கள் யூனிகோடில் சரியாக இட்ட ½ மட்டும் தனியாக அழகாக நிற்கும். அப்படிப்பட்ட ஆவணம் கையில் இருந்தால் குறிகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றில் முழு உரையையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பின்னங்களையும் அடைப்புக்குறிகளையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், மாற்றும்போது முதலில் உடைபவை அவைதான். அதற்கு நேரமில்லையென்றால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக இணைத்து அனுப்பலாம். மின்னஞ்சலின் உடலில் என்ன இணைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு வரி யூனிகோடில் இருந்தால் போதும்.